மாணவர் மத்தியில் மதுப்பழக்கம்: பெற்றோர் என்ன செய்யலாம்?

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையின் கடைசித் தாள் முடிந்த மாலை. பெடியன்கள் நாலைந்து பேர் ஆளுக்குக் கொஞ்சம் காசு போடுகிறார்கள். வயது வந்த ஒருவனைப் பிடித்துக் கடைக்கு அனுப்புகிறார்கள். குளக்கட்டிலோ, கடற்கரை வாடியின் பின்புறத்திலோ, ஆளில்லாத வளவொன்றிலோ பியர் ரின் கைமாறுகிறது. இரவு ஒன்பதரைக்கு அவர்களில் ஒருவன் தன் வீட்டுப் படலையைத் திறக்கிறான். தாய் சோற்றை மூடி வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். "பசிக்கேல்ல அம்மா" என்று சொல்லி, முகம் காட்டாமல் போய்ப் படுத்துக்கொள்கிறான். தாய்க்கு மணம் தெரிந்துவிடுகிறது. தகப்பனிடம் சொன்னால் அடி விழும். சொல்லாமல் விட்டால் நாளைக்கும் நடக்கும். அவள் என்ன செய்வது?

இந்த வீடு எங்கள் மாவட்டத்தின் எந்தக் கிராமத்திலும் இருக்கலாம். இனம், சமயம் என்ற வேலி இதற்கு இல்லை. யாரையும் பழி சொல்வதற்காக நாம் இதை எழுதவில்லை. பிள்ளையின் குடியைத் தடுப்பதில் பெற்றோருக்கு இருக்கும் பலம் என்ன, அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதைச் சேர்ந்து சிந்திப்பதே எமது நோக்கம்.

எங்கே பிடி தளர்ந்தது?

1990இல் வீடு வாசலை விட்டுக் காடுகளிலும் முகாம்களிலும் தங்கியவர்கள் எம்மில் பலர். படகேறி இந்தியா சென்று, மண்டபம் முகாமின் வழியாகத் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் அகதி வாழ்வு வாழ்ந்தவர்களும் உண்டு. 2006இல் மாவிலாறு அணைக்கட்டோடு மூண்ட சண்டையில் மூதூர் கிழக்கு வெறுமையானது. சம்பூர் மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் ஆகிய இடங்களில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் தகரக் கொட்டில்களில் காத்திருந்தார்கள். 2015, 2016ஆம் ஆண்டுகளிலேதான் அவர்களுடைய காணிகள் விடுவிக்கப்பட்டன. இன்று பதின்ம வயதில் நிற்கும் பிள்ளைகளில் பலர் முகாமில் பிறந்தவர்கள், அல்லது முகாமில் வளர்ந்தவர்களுக்குப் பிறந்தவர்கள்.

முகாம் எங்களிடமிருந்து வீட்டை மட்டும் எடுக்கவில்லை. விதைப்பு நாளைத் தீர்மானித்த தகப்பன் நிவாரண வரிசையில் நின்றார். வேலை இல்லாத நீண்ட பகலில் சிலர் குடிக்கத் தொடங்கினார்கள். உணவு வீட்டு அடுப்பிலிருந்து அல்லாமல் பொதுச் சமையலிலிருந்து வந்தது. ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு மூலையில் சாப்பிட்டோம். ஒற்றை அறைக்குள் பெரியவர்களின் சண்டை, குடி, அழுகை யாவும் பிள்ளையின் கண்முன்னே நடந்தன. "நீ எங்கே போகிறாய்?" என்று பிள்ளையைக் கேட்கும் உரிமை தனக்கு உண்டென்ற எண்ணமே பல தகப்பன்மாருக்கு இல்லாமற் போனது. கணவனை இழந்த தாய்மார் கூலிக்குப் போனார்கள். வீட்டில் கேட்க ஆளில்லை.

காணி திரும்பிவிட்டது. கிணறு இறைத்தாயிற்று, வரம்பு கட்டியாயிற்று. ஆனால் அந்தக் கேள்வி கேட்கும் வழக்கம் எல்லா வீடுகளுக்கும் இன்னும் திரும்பவில்லை. பிள்ளைகளின் குடியைப் பற்றிப் பேசும்போது நாம் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

இளம் உடலில் மது என்ன செய்கிறது?

புதிதாகக் கட்டிய வரம்பில் சேறு காயும் முன்னே தண்ணீரைத் திறந்துவிட்டால் என்ன நடக்கும் என்பது விவசாயிக்குத் தெரியும். பிள்ளையின் மூளையும் அப்படியே. நல்லது கெட்டதை நிதானித்து முடிவெடுக்கும் முன்மூளை முழுமையாக வளர்வதற்கு ஏறக்குறைய இருபத்தைந்து வயது வரை செல்கிறது. அதற்கு முன் மது அடிக்கடி சேர்ந்தால் ஞாபகசக்தியும் கவனமும் பாதிக்கப்படுகின்றன. படிப்பில் பின்தங்கிய பிறகு "மண்டையில ஏறுதில்லை" என்று பிள்ளை சொல்வது வெறும் சாட்டு அல்ல.

எத்தனை வயதில் தொடங்குகிறான் என்பதும் முக்கியம். ஐக்கிய அமெரிக்காவில் 1990களில் நடந்த பெரிய ஆய்வொன்று, பதினைந்து வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் பத்துப் பேருக்கு நால்வர் வாழ்க்கையின் ஏதோவொரு கட்டத்தில் குடிக்கு அடிமையானதைக் கண்டது. இருபது வயதுக்குப் பின் தொடங்கியவர்களில் அது பத்துப் பேருக்கு ஒருவராக இருந்தது. ஆகவே பிள்ளையின் முதற் குடியை நாலைந்து ஆண்டுகள் பின்தள்ளி வைப்பதே பெற்றோருக்கு ஒரு பெரிய வெற்றி. "எப்படியும் ஒருநாள் குடிக்கத்தானே போகிறான்" என்று கைகழுவி விடுவது தவறு.

"பியர்தானே" என்ற சமாதானம்

பல வீடுகளில் பியரைக் குடியாகவே கணக்கெடுப்பதில்லை. கணக்கைப் பார்ப்போம். கடும் பியரில் நூற்றுக்கு 8 பங்குக்கு மேல் மதுசாரம் உண்டு. 500 மில்லிலீற்றர் ரின் ஒன்றில் சுத்த மதுசாரம் 40 மில்லிலீற்றருக்குக் குறையாது. சாராயத்தில் மூன்றில் ஒரு பங்கு மதுசாரம். 180 மில்லிலீற்றர் கொண்ட கால் போத்தலில் ஏறக்குறைய 60 மில்லிலீற்றர். அப்படியானால் ஒரு ரின் கடும் பியர் குடித்த பிள்ளை, கால் போத்தல் சாராயத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் குடித்திருக்கிறான். "கொஞ்சம் பியர்" என்று நாம் கண்டும் காணாமல் விடுவது இதைத்தான்.

எமது ஈரல் ஒரு மணித்தியாலத்தில் ஏறக்குறைய 10 மில்லிலீற்றர் மதுசாரத்தையே அகற்றும். ஒரு ரின் பியர் உடலை விட்டுப் போக நாலு மணித்தியாலம் வேண்டும். தேசிக்காய்த் தண்ணீரும், மோரும், தலையில் தண்ணீர் வார்ப்பதும் அதை விரைவாக்குவதில்லை. அந்த நாலு மணித்தியாலத்துக்குள் மோட்டார் சைக்கிளில் மூன்று பேராக ஏறிக்கொண்டு பிரதான வீதியில் வரும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்.

கசிப்பு இன்னும் ஆபத்தானது. சீனியும் ஈஸ்ரும் புளிக்க வைத்த கோடாவை எவரும் அளந்து காய்ச்சுவதில்லை. எது சேர்ந்தது என்பது குடிப்பவனுக்குத் தெரியாது. தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் 2024 ஜூன் மாதம் மெதனோல் கலந்த கள்ளச்சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெதனோலின் கேடு உடனே தெரியாது. அரை நாள் சென்ற பின்னரும் கண் மங்கல், வயிற்றுவலி, மூச்சு முட்டல் என்று வரலாம். அப்படி வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

பிள்ளை இதை எங்கே கற்கிறான்?

"கூட்டாளிமார் கெடுத்துப்போட்டாங்கள்" என்று நாம் சொல்கிறோம். அதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை அல்ல. கலியாண வீட்டின் பின்வளவை எடுத்துக்கொள்வோம். பெரியவர்கள் வட்டமாக இருந்து குடிக்கிறார்கள். ஒருவர் ஊத்தைப் பேச்சுப் பேசுகிறார், இன்னொருவர் மைத்துனனை அடிக்கக் கை ஓங்குகிறார். விடிந்ததும் ஊர் என்ன சொல்கிறது? "பாவம், வெறியில சொல்லிப்போட்டார், விடுங்கோ." இதைப் பத்து வயதுப் பெடியன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். குடிக்காமல் செய்தால் தண்டனை கிடைக்கும், குடித்துவிட்டுச் செய்தால் மன்னிப்புக் கிடைக்கும் என்ற பாடத்தை அன்று அவன் படித்துவிடுகிறான். அரை ரின் பியர் குடித்த பிள்ளைகள் முழு வெறியில் இருப்பவர்கள் போலக் கூத்தாடுவதைக் கவனித்திருப்பீர்கள். அதில் பாதி மதுவின் வேலை; மற்றப் பாதி நாம் கொடுத்த உத்தரவு.

இன்னும் சில பாடங்கள் உண்டு. கிளாஸ் எடுத்துவரச் சின்னவனை அனுப்புகிறோம். நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்துச் சிரிக்கிறோம். தடிமனுக்குப் பிரண்டி கொடுக்கிறோம். வயலில் அறுவடை முடிந்ததும் கூலியோடு ஒரு போத்தலும் கொடுக்கிறோம். அந்த வட்டத்தில் பாடசாலையை விட்டு விலகிய பதினாறு வயதுப் பிள்ளையும் இருக்கிறான். ஆண்பிள்ளை என்றால் இதெல்லாம் இருக்கும் என்கிறோம். இவற்றை நிறுத்துவதற்கு அரசாங்கத்தின் உதவி தேவையில்லை.

ஒரு தீவின் அனுபவம்

பெற்றோரால் உண்மையில் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு வேறொரு தீவின் கதையைச் சொல்கிறோம். ஐரோப்பாவின் வடமேற்கே ஐஸ்லாந்து என்ற தீவு உண்டு. பிரதான தொழில்களில் ஒன்று மீன்பிடி. 1990களில் அங்கே வெள்ளி இரவுகளில் குடித்துவிட்டுத் தள்ளாடும் பிள்ளைகளால் தலைநகர் ரெய்க்யவிக்கின் தெருக்களில் நடக்கவே பயந்தார்கள். 1998இல் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர் கடந்த ஒரு மாதத்துக்குள் வெறிக்கக் குடித்ததாகச் சொன்னார்கள். 2016இல் அந்தத் தொகை நூற்றுக்கு 5 ஆகக் குறைந்தது.

அவர்கள் செய்தது என்ன? பிள்ளைகளிடமே ஆண்டுதோறும் கேட்டு, உண்மை நிலையை ஊர் ஊராகப் பெற்றோருக்குச் சொன்னார்கள். பதின்மூன்று முதல் பதினாறு வயது வரையான பிள்ளைகள் மாரியில் இரவு பத்து மணிக்குப் பின்னும் கோடையில் நள்ளிரவுக்குப் பின்னும் வெளியே தனியாக நிற்கக் கூடாது என்று விதித்தார்கள். மது விற்கும் வயதெல்லை இருபது. ஒவ்வொரு பாடசாலையிலும் பெற்றோர் கூடி, "எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு மது கொடுக்க மாட்டோம், பெரியவர் இல்லாத வீட்டில் விருந்து வைக்க விட மாட்டோம்" என்று உடன்படிக்கை செய்தார்கள். வார இறுதி இரவுகளில் பெற்றோர் குழுவாகத் தெருவில் நடந்தார்கள். விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு பணம் கொடுத்தது. வார நாட்களில் பெற்றோரோடு அதிக நேரம் கழிக்கும் பிள்ளைகளின் தொகை 1997க்கும் 2012க்கும் இடையில் இரண்டு மடங்கானது.

அது பணமுள்ள நாடு, யுத்தம் காணாத நாடு என்பதை நாம் மறக்கவில்லை. ஆனால் மேலே சொன்னவற்றில் விளையாட்டுக்கான பணத்தை விட்டுப் பார்த்தால், மற்றவற்றுக்குப் பெரிய செலவு இல்லை. வீடு வரும் நேரம், பெற்றோரின் உடன்பாடு, சேர்ந்து கழிக்கும் நேரம் ஆகியவை எமக்கும் இயலும். ஒரு வீடு தனியாகக் கட்டுப்பாடு வைத்தால் "அவனுடைய அம்மா விடுறா, நீங்கள் மட்டும்தான்" என்று பிள்ளை வாதாடுவான். பத்து வீடுகள் சேர்ந்து வைத்தால் அந்த வாதம் எடுபடாது. ஒருவருடைய வயலில் மட்டும் யானைக்குக் காவல் இருந்து பயனில்லை என்பதை அறிந்தவர்கள் நாங்கள்.

எமது ஊரில் தொடங்கக்கூடியவை

1. சேர்ந்து சாப்பிடும் ஒரு வேளை. இராச்சாப்பாடு நல்லது. தகப்பன் வயற்காவலுக்குப் போகும் நாட்களில் காலையாக இருக்கட்டும். புத்திமதி சொல்லும் இடமாக அதை ஆக்க வேண்டாம். முகாம் எடுத்துக்கொண்ட பழக்கத்தை மீட்பதே நோக்கம். பிள்ளையின் முகத்தை ஒருநாளில் ஒருமுறை நேராகப் பார்க்கும் பெற்றோருக்கு மாற்றம் சீக்கிரம் தெரியும்.

2. நாலு கேள்விகள். எங்கே போகிறாய், யாரோடு, என்ன செய்ய, எத்தனை மணிக்கு வருவாய்? பொலிஸ் விசாரணை போலன்றி நாள்தோறும் கேட்கும் சாதாரணக் கேள்விகளாக இவை இருக்க வேண்டும். மகளிடம் கேட்பதை மகனிடமும் கேட்க வேண்டும்.

3. கூட்டாளிமாரின் பெற்றோரை அறிந்திருத்தல். மகனின் மூன்று நெருங்கிய கூட்டாளிகளின் தாய்தகப்பனோடு பேசி, வீடு வரும் நேரத்தை எல்லோரும் ஒன்றாக வையுங்கள். ரியூசன் முடியும் நேரத்தை ஆசிரியரிடமே கேட்டு அறியுங்கள்.

4. கைக்காசு. அறுவடைக் கூலியும் மீன்பிடிக் கூலியும் பிள்ளையின் கைக்கு மொத்தமாக வரும் காலம் ஆபத்தான காலம். அதைப் பறிக்கக் கூடாது. அவன் உழைத்த காசு. அவன் பெயரில் சேமிப்புப் புத்தகம் ஒன்று திறந்து, ஒரு பங்கை அவனே கொண்டுபோய்ப் போட வையுங்கள்.

5. வயல் வட்டத்தில் ஒரு விதி. கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில், இருபத்தொரு வயதுக்குக் குறைந்த எவருக்கும் கூலியோடு மது கொடுப்பதில்லை என்று தீர்மானம் எடுக்கலாம். விதைப்பு நாளையும் தண்ணீர் முறையையும் தீர்மானிக்கும் கூட்டம் இதையும் தீர்மானிக்கலாம்.

6. பரீட்சை முடியும் நாள். அன்று என்ன நடக்கும் என்பது ஊருக்கே தெரியும். பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் விளையாட்டுக் கழகமும் சேர்ந்து அன்று மாலை கரப்பந்தாட்டப் போட்டியும் இரவுச் சாப்பாடும் வைத்தால், பெற்றோரும் போய் நிற்கலாம். பெறுபேறு வரும்வரை உள்ள வெறும் மாதங்களுக்கு ஒரு தொழிற்பயிற்சியை முன்கூட்டியே தேடி வைப்பதும் அவசியம்.

அன்றிரவு என்ன செய்வது?

தொடக்கத்தில் சொன்ன தாயிடம் வருவோம். பிள்ளை குடித்துவிட்டு வந்த இரவில் விசாரணையும் வேண்டாம், அடியும் வேண்டாம். வெறியில் இருப்பவனுக்குச் சொல்வது ஏறாது. அடித்தால் அவன் திரும்ப வெளியே போவான். ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். மல்லாக்கப் படுத்தால் சத்தி மூச்சுக்குழாயை அடைத்துவிடும். உப்புத்தண்ணீர் கொடுத்துச் சத்தி எடுக்க வைக்காதீர்கள். தனியே விடாமல் மூச்சைக் கவனியுங்கள். தட்டி எழுப்பியும் எழும்பாவிட்டால், மூச்சு மிக மெதுவாக வந்தால், உதடு நீலமானால், உடல் குளிர்ந்தால், வலிப்பு வந்தால் உடனே 1990 இலக்கத்துக்குச் சொல்லுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வெட்கத்தைப் பார்த்து விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

பேச்சு அடுத்த நாளைக்கு. வெறி தெளிந்து, சாப்பிட்ட பிறகு, தம்பி தங்கை இல்லாத இடத்தில் பேசுங்கள். "எங்களுக்குத் தெரியும், பயந்துபோனோம்" என்று தொடங்கலாம். யாரோடு, எங்கே, ஏன் என்று கேட்டுவிட்டு அவனைப் பேச விடுங்கள். அவமானமோ, வகுப்பில் தோல்வியோ, வீட்டுச் சண்டையோ பின்னால் இருக்கலாம். பிறகு உங்கள் முடிவைத் தெளிவாகச் சொல்லுங்கள்: இந்த வீட்டில் இது கூடாது; அடுத்த இரண்டு கிழமை மாலை ஆறரைக்குள் வீட்டில் நிற்க வேண்டும். சொன்னதைச் செய்யுங்கள். தாய் ஒன்று, தகப்பன் ஒன்று சொல்லக் கூடாது. தனியாக நிற்கும் தாய்மார் பிள்ளை மதிக்கும் மாமா ஒருவரையோ ஆசிரியரையோ துணைக்கு அழைக்கலாம்.

"அடியாத மாடு படியாது" என்பார்கள். அடிபட்ட பிள்ளை முதலில் கற்பது, அகப்படாமல் குடிப்பதைத்தான்.

தகப்பன் குடிப்பவராயின்?

பலர் மனதுக்குள் கேட்கும் கேள்வி இது. தான் குடித்துக்கொண்டு மகனைத் தடுக்கும் தகப்பனின் வாய்க்குப் பலம் குறைவு. ஆனால் பலமே இல்லை என்பதல்ல. "முகாமில் இருந்த காலத்தில் தொடங்கினேன், விட முடியாமல் கஷ்டப்படுகிறேன், நீ தொடங்காதே" என்று தகப்பன் மகனிடம் உண்மையைச் சொன்னால், எந்தப் பிரசங்கத்திலும் பார்க்க அது ஆழமாக இறங்கும். குறைந்தபட்சம் வீட்டில் குடிக்காமல் இருக்கலாம். மகனைக் கடைக்கு அனுப்பாமல் இருக்கலாம்.

நெடுநாள் அதிகமாகக் குடித்தவர்கள் திடீரென்று தாமாக நிறுத்தும்போது நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம். அது உயிராபத்தாகவும் முடியலாம். ஆகவே அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போய் மருந்தோடு நிறுத்துவதே பாதுகாப்பு. இது வருத்தம், வைத்தியம் உண்டு. 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்திலும் பேசலாம்.

சட்டம் எம் பக்கம்

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டத்தின்படி, இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவருக்கு மதுவோ புகையிலைப் பொருளோ விற்பது குற்றம். "அப்பாதான் அனுப்பினவர்" என்பது கடைக்காரருக்குச் சாட்டாகாது. பௌர்ணமி தினங்களில் மது விற்பனை தடை. உத்தரவுப் பத்திரம் இல்லாமல் காய்ச்சுவதும் விற்பதும் எந்த நாளிலும் குற்றம். முறையிடுவதற்குப் பொலிஸ், மதுவரித் திணைக்களம், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆகியோர் உண்டு. தனியாகப் போகப் பயமென்றால் மாதர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், கோயில், பள்ளிவாசல், ஆலய நிர்வாகங்கள் சேர்ந்து எழுத்தில் கொடுங்கள். பிரதியைப் பிரதேச செயலாளருக்கும் அனுப்புங்கள். பிள்ளைகளைக் கொண்டு கசிப்பு விற்பிக்கிறார்கள் என்றால் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

இறுதியாக ஒன்று. காணியின் உறுதியைப் பொலித்தீன் பைக்குள் சுற்றி, முகாம் முகாமாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரிந்தவர்கள் நாங்கள். யாருக்காக? இந்தப் பிள்ளைகளுக்காக. காணி வந்த பிறகு அதைக் கையேற்க நிற்க வேண்டிய பிள்ளையைக் குளக்கட்டில் இழந்துவிடக் கூடாது. இன்று மாலை உங்கள் பிள்ளை எத்தனை மணிக்கு வீடு வருவான் என்பது உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால், இன்று அவனைக் கேட்பதிலிருந்து தொடங்குங்கள். நாளைக்கு அடுத்த வீட்டுப் படலையைத் தட்டி, அவர்களையும் கேளுங்கள்.